டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்: துயரைத் தொண்டாக்கிய பெருவாழ்வு

உலகிற் பிறந்தார் எவரும் தம் அன்புக்குரியாரை இழந்து வருந்தாதிருந்ததில்லை. தாயை இழந்தார், தமையனை இழந்தார், பெற்ற பிள்ளையை இழந்தார் என எம்மைச் சூழ்ந்துள்ள வீடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு துயரக் கதை உண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வதும், ஆண்டுதோறும் திவசத்தன்று நாலு பேருக்கு அன்னமிடுவதும், இறந்தாரை நினைந்து கொள்வதற்கு எம் முன்னோர் வகுத்த முறைகளாகும். பிரிந்தவரின் பொருட்டுப் பிறருக்கு ஈதல் வேண்டும் என்ற கருத்து இம்முறைகளுள் அமைந்து கிடக்கிறது. அக்கருத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் விரித்துச் செயற்படுத்திய ஒரு பெண்மணியின் சரிதையை இவ்வாண்டு மலரிற் கூற விரும்புகிறோம்.

அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். சென்னைச் சட்டசபையில் முதன்முதல் அமர்ந்த பெண்மணி என்றும், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்றும் அவரைப் பலர் அறிவர். புற்றுநோயால் மாண்ட தம் தங்கையை மறவாது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அலைந்து, அடையாற்றிலே புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றை எழுப்பியவர் அவரே என்பதை எம் இளைஞருட் சிலரேனும் அறியாதிருக்கலாம். ஆகவே அதனைச் சற்று விரித்துரைப்போம்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆந் திகதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜாக் கல்லூரியின் தலைவராய் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயிற் பணிக்கெனப் பொட்டுக் கட்டும் வழக்கமுடைய இசை வேளாளர் குலத்தில் வந்தவர். இவ்விருவரும் இணைந்தமையை ஐயரின் சுற்றத்தார் ஏற்கவில்லை. தந்தை வீட்டு உறவினர் ஒதுங்கியதால் பிள்ளைகள் தாய்வழிச் சுற்றத்தாரிடையே வளர்ந்தனர். அச்சுற்றத்துப் பெண்களின் நிலையை அம்மையார் சிறு வயது முதலே கண்ணாரக் கண்டார். பிற்காலத்தில் அவர் சட்டசபையிற் பேசியபோது அவருடைய சொல்லில் இருந்த உறுதிக்கு இதுவே காரணமெனலாம்.

அக்காலத்திற் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பதே வழக்கம். பூப்பெய்திய பின் பெண்ணைப் பாடசாலைக்கு அனுப்புவார் இல்லை. முத்துலட்சுமிக்கும் விரைவில் விவாகஞ் செய்துவைக்கவே தாயார் விரும்பினார். மகளோ படிக்க விரும்பினாள். தந்தையார் வீட்டிலேயே கற்பித்தார். வீட்டிலிருந்து படித்தே அவர் மெட்ரிக்குலேசன் பரீட்சையிற் சித்தி எய்தினார். அதன் பின் ஆண்களுக்கென இருந்த மகாராஜாக் கல்லூரியிற் சேர விண்ணப்பித்தார். ஒரு பெண் வந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்று சிலர் எதிர்த்தனர். புதுக்கோட்டை மன்னராகிய மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது அனுமதி வழங்கினார். மூடிய வண்டியிற் சென்று, வகுப்பிலே திரைக்குப் பின்னால் அமர்ந்து அவர் படித்தார்.

1907ஆம் ஆண்டிற் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். உடம்பிலே ஈளை நோய் அடிக்கடி வருத்தியது. கைப்பொருளும் குறைவு. வகுப்பிலோ பெண் மாணவியர் மிகச் சிலர். ஆயினும் சத்திர சிகிச்சையில் முதன்மை பெற்றுப் பரிசில்களும் பதக்கங்களும் வாங்கி, 1912இல் வைத்தியப் பட்டம் பெற்றார். பின் எழும்பூர் அரசினர் வைத்தியசாலையிற் பயிற்சி வைத்தியராய்ப் பணி புரிந்தார்.

1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். மனைவியைத் தமக்குச் சமமாக மதிக்க வேண்டும், அவள் விரும்பிய பணிக்குத் தடை செய்யலாகாது என்ற உறுதியைப் பெற்ற பின்னரே அம்மையார் அம்மணத்துக்கு இசைந்தார். ரெட்டியாரும் சொன்ன சொல்லைக் காத்தார். இவர்களுக்கு ஆண் மக்கள் இருவர் பிறந்தனர். அவருள் இளையவராகிய கிருஷ்ணமூர்த்தியை வாசகர் நினைவில் வைத்துக் கொள்ளல் வேண்டும். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

தங்கையின் பிரிவு

தந்தையார் காலமான பின் உடன்பிறந்தாரைத் தாங்கும் பொறுப்பு அம்மையாரைச் சார்ந்தது. தங்கையரைத் தம் வீட்டிலே வைத்துப் படிப்பித்தார். வைத்தியத் தொழிலிற் கிடைத்த வருவாயிற் பெரும் பங்கு அவ்வீட்டுக்கே செலவாயிற்று. தாயினும் பரிந்து வளர்த்த அத்தங்கையருள் ஒருத்திக்கு 1920களின் தொடக்கத்தில் நோய் கண்டது. முதலில் அது வயிற்றுளைவு என்றே கருதப்பட்டது. அதற்கேற்ற மருந்துகள் கொடுக்கப்பட்டன. நோய் தணியவில்லை. மலக்குடலிற் புற்றுநோய் என்று பின்னர் தெரிந்தது. அதற்குள் காலம் கடந்து விட்டது.

வீட்டிலே இரு வைத்தியர் இருந்தனர். தமக்கை பட்டமும் பதக்கமும் பெற்றவர். அவருடைய கணவரும் கைதேர்ந்த வைத்தியர். நகரத்துப் பெரிய வைத்தியர் யாவரும் தெரிந்தவர்கள். அவ்வளவு இருந்தும் அந்த இளம் பெண்ணைக் காக்க முடியவில்லை. அவள் பட்ட வேதனையைத் தமக்கை அருகிருந்து பார்த்தார். வேதனையைத் தணிப்பதற்குங்கூட அன்றைய வைத்தியத்தில் வழி அதிகம் இல்லை. தமக்கையின் கண் முன்னே, அவர் வீட்டிலேயே, தங்கையின் உயிர் பிரிந்தது.

இத்தகைய இழப்பு நேர்ந்தவர் பலர் விதியை நொந்து ஆறுவர். அம்மையாரும் அழுதார். ஆனால் வைத்தியராகையால் அவர் உள்ளத்தில் வேறொரு வினாவும் எழுந்தது. இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருந்தால் தங்கை பிழைத்திருப்பாளோ? தென்னாட்டிலே இந்நோய்க்கெனத் தனி வைத்தியசாலை ஒன்றும் இல்லையே. வைத்தியர் வீட்டிலேயே இந்த நிலையென்றால் ஏழை எளியவர் வீட்டில் எப்படி இருக்கும்? இந்த வினாக்கள் அவரை இறுதிவரை விடவில்லை.

1925ஆம் ஆண்டில் அரசினர் உதவி பெற்று, பெண்கள் குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சிக்காக அவர் இலண்டன் சென்றார். கணவரும் மக்களும் உடன் சென்றனர். அங்கே புற்றுநோய்க்கென்றே அமைந்த வைத்தியசாலையையும் சென்று பார்த்தார். சத்திர சிகிச்சையாலும், ரேடியத்தின் கதிர்களாலும், தக்க காலத்தில் வந்த நோயாளர் சுகம் பெற்று வீடு திரும்புவதை அறிந்தார். புற்றுநோய் என்றால் மரணம் என்ற எண்ணம் முழு உண்மையன்று என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

சட்டசபையும் சமூகப் பணியும்

மேனாட்டிலிருந்து திரும்பியதும் அவருக்கு எதிர்பாராத அழைப்பொன்று காத்திருந்தது. 1917ஆம் ஆண்டு அடையாற்றிலே இந்திய மாதர் சங்கம் தொடங்கப் பெற்றது. அதனைத் தொடங்கியவர்களுள் மார்கரெட் கசின்ஸ் அம்மையாரும், டொரதி ஜினராஜதாச அம்மையாரும் முக்கியமானவர்கள். டொரதி அம்மையார், எமது இலங்கையிற் பிறந்து பிரமஞான சபையின் தலைவராய் உயர்ந்த ஜினராஜதாசரின் துணைவியார் என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தி. இம்மாதர் சங்கத்தார் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரைச் சட்டசபைக்குப் பரிந்துரைத்தனர். 1926ஆம் ஆண்டில் அவர் நியமனம் பெற்றார். துணைத் தலைவராகவும் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். உலகிலே ஒரு சட்டசபையின் துணைத் தலைவராய் அமர்ந்த முதற் பெண்மணி அவரே என்பர்.

அச்சபையில் அவர் செய்த பணிகளுள் தலையாயது தேவதாசி முறையை எதிர்த்தது. அறியாப் பருவத்துச் சிறுமிகளைக் கோயிலுக்கெனப் பொட்டுக் கட்டிவிடுதல் தெய்வப் பணியாகாது என்று அவர் வாதாடினார். 1929ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால், கோயிற் பணிக்கென இனாம் நிலம் பெற்றிருந்த தாசியர், அப்பணியினின்று விடுபட்டும் நிலத்தை வைத்திருக்க வழி பிறந்தது. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930இற் கொண்டு வந்தார்.

எதிர்ப்புப் பலமாக இருந்தது. காங்கிரஸ் தலைவராகிய சத்தியமூர்த்தி போன்றாரும் எதிர்த்தனர். தேவதாசியருள்ளும் பலர், தம் கலையும் உரிமையும் வாழ்வும் பறிபோகும் என அஞ்சி மனுக் கொடுத்தனர். ஆடலையும் பாடலையும் வாழையடி வாழையாகக் காத்த அப்பெண்களின் அச்சத்திற் பொருளில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அதே குலத்திற் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றாரோ சீர்திருத்தத்துக்குத் தோள் கொடுத்தனர். முத்துலட்சுமி அம்மையார் தாம் கண்ட சிறுமிகளின் துயரை எண்ணியே பேசினார். அவர் விரும்பிய சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. பதினேழாண்டு காத்திருந்தார் என்பதை இளைஞர் குறித்துக் கொள்வாராக.

1930ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் சிறைப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார். பதவி போனபின் பணி குறையவில்லை. அதே ஆண்டில், தாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் போக்கிடமின்றி அவர் வீட்டு வாயிலை வந்தடைந்தனர். அவர்களைச் சேர்த்துக் கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வாறு பிறந்ததே ஒளவை இல்லம். ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் கொடுத்து, தம் காலில் நிற்கச் செய்யும் அந்த இல்லத்துக்குத் தமிழ் மூதாட்டியின் பெயரை இட்டமை மிகப் பொருத்தமாகும்.

அடையாற்றுக் குடில்

இத்தனை பணிகளுக்கிடையிலும் தங்கையை அவர் மறக்கவில்லை. 1935ஆம் ஆண்டு சென்னை வைத்தியக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. பழைய மாணவியாக அவ்விழாவிற் பேசிய அம்மையார், புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை ஒன்று சென்னைக்கு வேண்டுமென்ற தம் விருப்பத்தை முதன்முதலாக வெளியிட்டார். கேட்டவர் பலர், உதவ முன்வந்தவர் சிலரே. பணமுங் கிடைக்கவில்லை. பின்னர் உலக யுத்தம் மூண்டது. முயற்சி தடைப்பட்டது.

இக்காலத்தில் வடக்கே பம்பாயில் நிகழ்ந்ததையும் இங்கு சொல்ல வேண்டும். தோராப்ஜி தாதா என்னும் தனவந்தரின் துணைவியார் மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் 1931இற் காலமானார். அத்துயரின் விளைவாகத் தாதா குடும்பத் தருமநிதியினர் 1941ஆம் ஆண்டிற் பம்பாயிற் பெரிய புற்றுநோய் வைத்தியசாலையைத் திறந்தனர். பிரிந்த துணைவியின் நினைவு அங்கும் பிறர் உயிரைக் காத்தது. ஆனால் அங்கே பெருஞ் செல்வம் இருந்தது. அடையாற்று அம்மையாரிடம் அது இல்லை. வீடு வீடாகச் சென்று கையேந்துவதே அவருக்கிருந்த வழி.

நாடு விடுதலை பெற்ற பின் அரசினரிடம் மீண்டும் கேட்டார். புற்றுநோயாளர் எப்படியும் மாளத்தானே போகின்றனர், அவர்களுக்கென வைத்தியசாலை எதற்கு என்ற எண்ணமே அதிகாரத்திலிருந்தோர் பலரிடமும் அன்று இருந்தது. மலேரியாவும் அம்மையும் கசநோயும் நாட்டை வாட்டிய காலமாகையால் அவர்களை முற்றாகக் குறை கூறுவதும் நியாயமன்று. அம்மையார் மனந்தளரவில்லை. 1949ஆம் ஆண்டில் இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் புற்றுநோய் நிவாரண நிதியொன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேலாகி விட்டது. மாதர் சங்கத்துப் பெண்கள் உடன் உழைத்தனர். சிறு தொகை கொடுத்தாரும் உண்டு, பெருந்தொகை கொடுத்தாரும் உண்டு. ஒன்றுங் கொடாது புத்தி சொல்லி அனுப்பியவரும் இருந்திருப்பர்.

இங்கே இளைய மகன் கிருஷ்ணமூர்த்தியின் பங்கு பெரிது. வைத்தியரான அவர் வெளிநாடு சென்று புற்றுநோய்ச் சிகிச்சையிற் பயிற்சி பெற்றுத் திரும்பினார். நல்ல ஊதியம் தரும் தொழிலை விரும்பாது தாயின் கனவைத் தம் கடமையாக ஏற்றார். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆந் திகதி பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆந் திகதி அடையாற்றங்கரையில் வைத்தியசாலை தொடங்கியது. சிறு குடில். 12 கட்டில்கள். இரண்டொரு வைத்தியர், தாதியர் சிலர், குறைந்த கருவிகள். அவ்வளவே. தென்னிந்தியாவின் முதலாவது புற்றுநோய் வைத்தியசாலை அது.

அடுத்த ஆண்டு, இளம் வைத்தியராகிய சாந்தா அங்கே பணிக்குச் சேர்ந்தார். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகளாகிய சி. வி. ராமனுக்கும் சந்திரசேகருக்கும் உறவினரான அவர், அரசினர் உத்தியோகம் கைக்கெட்டியிருந்தும் அதனை விட்டு இக்குடிலுக்கு வந்தார். வைத்தியசாலை வளவிலேயே குடியிருந்தார். தாயும் மகனும் சாந்தா அம்மையாருமாகச் சேர்ந்து, பணமில்லை என்ற காரணத்தால் எந்த நோயாளரையும் திருப்பி அனுப்பலாகாது என்பதை அந்த இடத்தின் தருமமாக்கினர். இயன்றவர் கட்டணம் கொடுத்தனர். இயலாதவருக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை நடந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான கோபால்ட் இயந்திரம் 1950களிலேயே கனடாவிலிருந்து அன்பளிப்பாக வந்து சேர்ந்தது.

அக்காலத்து நோயாளர் பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே வந்தனர். வெற்றிலையோடு புகையிலை மென்றதால் வாயிற் புற்று வந்தவர்கள். கருப்பைக் கழுத்துப் புற்றை நாணத்தால் மறைத்து வைத்திருந்த பெண்கள். நோயைக் கண்டு அஞ்சியதிலும் ஊராரின் பேச்சைக் கண்டு அஞ்சியோர் அதிகம். தொற்று நோயென்று கருதித் தனிப் பாத்திரத்தில் உணவு கொடுத்த வீடுகளும் இருந்தன. ஆகவே சிகிச்சையோடு நில்லாமல், இந்நோய் தொற்றாது, ஆரம்பத்திற் கண்டால் மாற்றலாம் என்ற அறிவைப் பரப்புவதும் அவர்கள் பணியாயிற்று.

நிறைவு

1956ஆம் ஆண்டில் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. முதுமையிலும் ஒளவை இல்லத்துக்கும் வைத்தியசாலைக்கும் உழைத்து வந்தார். 1964இல் தம் சரிதையை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆந் திகதி, 82 வயது நிறைய எட்டு நாட்கள் இருக்க, சென்னையில் இறையடி சேர்ந்தார்.

அவர் நட்டது வாடவில்லை. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010இற் காலமாகும் வரையும், டாக்டர் சாந்தா 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தமது 93ஆம் வயதிற் காலமாகும் வரையும் அங்கேயே பணி புரிந்தனர். சாந்தா அம்மையாருக்கு 2005இல் மக்சேசே விருது கிடைத்தது. 12 கட்டில்களோடு தொடங்கிய வைத்தியசாலை நானூறுக்கு மேற்பட்ட கட்டில்களோடு வளர்ந்தது. ஆராய்ச்சிக் கூடமும், 1984 முதல் அம்மையாரின் பெயர் தாங்கிய புற்றுநோயியற் கல்லூரியும் அங்கே அமைந்தன. தமிழ்நாட்டு அரசு ஏழைத் தாய்மாருக்கு வழங்கும் மகப்பேற்று உதவித் திட்டமும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இறந்த அத்தங்கை மீண்டு வரவில்லை. அவளுக்காக எழுந்த வைத்தியசாலை அவளைக் காக்கப் பிந்தி விட்டது. அந்த வேதனை தமக்கையின் உள்ளத்தில் இறுதிவரை இருந்திருக்கும். ஆயினும் அவ்வாசலால் உள்ளே சென்று, பிழைத்து வெளியே வந்த தங்கையர் எத்தனை பேர்! அவர்களுக்காகக் காத்திருந்த தமக்கையர் எத்தனை பேர்! அவருள் பெரும்பாலோர் அந்தத் தங்கையைப் பற்றிக் கேள்விப்பட்டும் இரார்.

எம் சங்கத்து இளைஞர்காள், பெரியோர்காள்! இச்சரிதையினின்று நாம் மூன்று செய்திகளைக் கொள்ளலாம். முதலாவது, நோயை மறைத்தல் ஆகாது. ஆறாத புண், காரணமின்றித் தோன்றிய கட்டி, வழமை மாறிய இரத்தப்போக்கு, நாட்பட்ட வயிற்றுளைவு இவற்றுள் எதனையும் வெட்கத்தால் மூடி வையாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள தாய்மாரும் ஆச்சிமாரும் சொல்லக் கூசுவர். பிள்ளைகளே பரிவோடு கேட்டறிய வேண்டும். இரண்டாவது, நோயுற்றவரை ஒதுக்கி வைத்தல் பாவம். அவருடைய பாயின் அருகே அமர்ந்து பேசுவதும் சிவப்பணியே. மூன்றாவது, இழந்தவரை நினைத்துச் செய்யும் தருமம் சிறிதாயினும் தொடர்ந்து செய்யத்தக்கது. திவசத்தன்று இடும் அன்னத்தோடு, ஏழை நோயாளர் ஒருவருக்குப் பிரயாணச் செலவோ மருந்துச் செலவோ கொடுப்பது எம்மால் இயலாத காரியமன்று.

பெரிய வைத்தியசாலையை எழுப்பும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அம்மையாரும் தொடங்கிய நாளில் வெறுங்கையோடே தொடங்கினார். அவரிடம் இருந்தவை தங்கையின் நினைவும், அந்நினைவை வீணாக்கலாகாது என்ற உறுதியுமே. அவற்றை ஆண்டவன் எமக்கும் அருள்வானாக.